மேடத்தின் அடுப்பும் என் தீக்குச்சியும்

ஜெசி,

உன் வெள்ளைப் புடவை மடித்திருக்கும் பெட்டிக்குள் இந்தக் காகிதங்களை வைக்கிறேன். வியாழக்கிழமை இஸ்திரி போட அதை எடுப்பாய், அப்போது உன் கையில் கிடைக்கும். நீ தமிழை எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பாய். பரவாயில்லை, இதை மெதுவாகப் படிப்பதுதான் நல்லது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தாய் மகளுக்குக் கடிதம் எழுதுகிறாளா என்று உன் அப்பா கேட்டால் சிரிப்பார். ஆனால் நாம் வாய்திறந்து பேசி இன்றோடு ஆறு நாள் ஆகிறது. சாப்பிட்டாயா, குளித்தாயா, தையல்காரரிடமிருந்து ரவிக்கை வந்ததா என்பதெல்லாம் பேச்சில் சேர்த்தி இல்லை.

போன புதன்கிழமை ஹோட்டல் வேலை முடிந்து வந்த நீ, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாய். "அம்மா, மிரியம் மேடம் வந்திருக்காங்க. எங்க ஹோட்டல்லதான் தங்கியிருக்காங்க. ரிசப்ஷன்ல பேரைப் பார்த்துட்டு நான்தான் ஜெசின்னு சொன்னேன், கட்டிப்பிடிச்சு அழுதுட்டாங்க." கல்யாணத்துக்கு அழைத்துவிட்டதாகச் சொன்னாய். நம் மாதா கோயிலுக்குள் வருவது அவர்கள் முறையில் கிடையாது, அதனால் திங்கட்கிழமை காலையிலேயே வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு என்றாய். கோயிலுக்குள் வர மாட்டாள் என்று கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அங்கேயாவது நீ எனக்கு மட்டும் மகளாக நிற்பாய் என்று நினைத்தேன். பிறகு உன் குரல் மாறியது. "அன்னைக்கு அப்புறம் நீ ஏன் வரவே இல்லன்னு என்னைக் கேக்குறாங்கம்மா. அவங்கதான் என்னை வர வேணாம்னு சொன்னாங்கன்னு நீங்க சொன்னீங்க லா." அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. அது உனக்கும் தெரியும்.

பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். மேடம் உன்னை வர வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அது நான் சொன்ன பொய். உனக்கு அப்போது பத்து வயது, இன்றைக்கு இருபத்து மூன்று. பதின்மூன்று வருஷம் ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பொய்க்குக் கீழே இன்னொன்று இருக்கிறது, அது இதைவிடக் கேவலமானது. அதைச் சொல்லாமல் உன்னைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த என் மனசு வரவில்லை. இந்தக் கடிதத்தில் மேடத்தை அவள் இவள் என்றுதான் எழுதப் போகிறேன். கோபிக்காதே. பொறாமைக்கு மரியாதை தெரியாது, நான் அந்த நாட்களை அந்தக் கண்ணாலேயே பார்த்தால்தான் உண்மையை எழுத முடியும்.

இதே சிங்கப்பூரில் நாம் அப்போது பஃபலோ ரோட்டில் ஒரே அறையில் குடியிருந்தோம். உன் அப்பா விடியுமுன் செம்பவாங் கப்பல் பட்டறைக்குக் கிளம்பிவிடுவார், திரும்பும்போது உடம்பெல்லாம் இரும்புத் தூசி. நான் சோபியா ரோடு மேட்டில் இருந்த அந்த வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தேன். மேடத்தின் புருஷன் வைர வியாபாரி. அவர்கள் யூதர்கள் என்றும், யூதர்களிலேயே ஹசிதிம் என்று பக்தியில் ஊறிய ஒரு கூட்டம் உண்டு, அதில் பிறந்து வளர்ந்தவள் அவள் என்றும் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். வெள்ளி பொழுது சாய்ந்ததும் தொடங்கும் ஓய்வு நாளில் அவர்கள் அடுப்பு மூட்டக்கூடாது, காரில் ஏறக்கூடாது, வாட்டர்லூ தெருவிலிருக்கும் ஜெபாலயத்துக்கு நடந்தே போக வேண்டும், அதனால்தான் பெரிய பங்களாக்கள் இருக்கும் பக்கம் போகாமல் நம் பக்கத்திலேயே வீடு பார்த்திருந்தார்கள். பள்ளி விட்டதும் நீ நேராக அங்கே வந்துவிடுவாய். அவளும் நானும் பேசியது பாதி சந்தையில் பேசுகிற பசார் மலாய், பாதி உடைந்த இங்கிலீஷ். நீயோ கான்வென்ட் பிள்ளை, உன் இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டு மாதத்தில் நீங்கள் இருவரும் என் தலைக்கு மேலே பேசிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமையலறையின் சட்டங்கள் உனக்கு நினைவிருக்கும். பாலுக்கு ஒரு அலமாரி, இறைச்சிக்கு ஒரு அலமாரி, கரண்டிகூட ஒன்றோடொன்று படக்கூடாது. தேக்கா சந்தையில் மீன் வாங்கினால் செதிலோடு கொண்டுவந்து அவளிடம் காட்ட வேண்டும். இறால், நண்டு வாசலைத் தாண்டக்கூடாது. இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. லெந்து தவக்காலத்தில் விரதம் இருக்கிறவளுக்கு இது என்ன கஷ்டம்? என்னைக் குத்தியது அந்தச் சின்ன விளக்கு. காலையில் அவள் கீழே வந்து ஒரு கண்ணாடிக் குவளையில் எண்ணெய் விளக்கு ஏற்றி அடுப்புக்கு மேலே தட்டில் வைப்பாள். நான் எந்த அடுப்பைப் பற்றவைத்தாலும் மெல்லிய மெழுகுத்திரியால் அந்த விளக்கிலிருந்துதான் நெருப்பு எடுக்க வேண்டும். விளக்கு அணைந்தால் அவளைக் கூப்பிட வேண்டும். நான் தீக்குச்சி கிழித்துச் சமைத்தால் அதை அவர்கள் சாப்பிட முடியாது.

என் கை வெட்டிய காய் ஆகும், என் கை அலசிய கோழி ஆகும், என் கை நெருப்பு மட்டும் ஆகாதா? நம் பாட்டன் பூட்டன் தீட்டு என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் கிறிஸ்தவ வேதத்துக்கே வந்தவர்கள். அதே சொல் கடல் கடந்து என் முன்னால் வந்து நிற்கிறது என்று எனக்குப் பட்டது. ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டே விட்டேன். அவள் கோபப்படவில்லை. அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "உங்க கையில ஒரு குறையும் இல்ல. இது எங்களுக்குப் போட்ட சட்டம், எங்க வீட்டுச் சமையல்ல எங்க கையும் இருக்கணும். நான் இந்தத் திரியைப் பத்தவைக்கும்போது கடவுள்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிடுவேன். ஆம்பளைங்களுக்கு ஜெபம் பண்ண நேரம் போட்டு வச்சிருக்கு. எனக்கு இந்த அடுப்படிதான் பீடம்." நான் தலையை ஆட்டினேன், மனசு ஆறவில்லை. அவள் சொன்னது அழகாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல். நானும் பதினைந்து வருஷமாக அடுப்படியில் நிற்கிறேன், எனக்கு யாரும் அதைப் பீடம் என்று சொல்லித் தரவில்லையே.

அவள் ஜெபமே வேறு மாதிரி. காலையில் கண் விழித்ததும், கால் தரையில் படுமுன், ராத்திரி ஒப்படைத்த உயிரைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்வாளாம். கட்டிலருகில் இரண்டு கைப்பிடி வைத்த குவளையில் தண்ணீர் இருக்கும், வலது கை இடது கை என்று மாற்றி மாற்றி ஊற்றிக் கழுவுவாள். புத்தகம் வைத்து ஜெபிப்பதும் உண்டு. ஆனால் அவள் கூட்டத்துப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததில் அவளுக்கு மிகவும் பிடித்தது, தன் தாய் பேசிய வீட்டுப் பாஷையில், சிநேகிதியிடம் பேசுகிற மாதிரி கடவுளிடம் பேசுவதுதான். மாவு பிசையும்போது பேசுவாள், தக்காளி கழுவும்போது பேசுவாள். நான் முதலில் என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்தேன். மனசு சோர்ந்து போனால் ஜெபத்தின் கதவு சாத்திக்கொள்ளும், அதனால் முதலில் பாட்டுப் பாடிச் சோர்வை விரட்ட வேண்டும் என்பாள். இதையெல்லாம் நீ வீட்டுக்கு வந்து எனக்கு ஒப்பிப்பாய். மேடம் சொன்னாங்க, மேடம் சொன்னாங்க. என் காதில் கடுகு போட்டால் பொரிந்திருக்கும்.

அவள் தலையில் இருப்பது விக் என்று கண்டுபிடித்த நாளில் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? கல்யாணமான பெண்ணின் சொந்த முடி புருஷனுக்கு மட்டும்தான் என்பது அவர்கள் வழக்கம். எனக்கோ அந்த நாளில் இடுப்பு வரை கூந்தல். அன்று வீட்டுக்கு வந்ததும் கூந்தலை அவிழ்த்துப்போட்டு உன் முன்னால் உட்கார்ந்து வாரிவிடச் சொன்னேன். நீ இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, மேடத்தோட விக்கை வாருவதுதான் சுலபம், சிக்கே விழாது என்றாய். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியுமா? அறைந்திருக்கலாம் போல இருந்தது. பிறகு நான் ஆசையாகச் செய்த இறால் சம்பாலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாய். சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு கிள்ளு கிள்ளி அடுப்பில் போட்டு, இது கடவுளுக்கு என்றாய். அவள் வெள்ளிக்கிழமை ரொட்டிக்குப் பிசையும்போது அப்படித்தான் ஒரு துண்டு எடுத்துத் தகனம் செய்வாள்.

இதில் அவளைக் குறை சொல்ல வழி இல்லை என்பதுதான் என் கஷ்டம். அவள் உன்னைத் தன் வேதத்துக்கு இழுக்கவில்லை. இது எங்களுக்குப் போட்டது, உனக்கு உன் அம்மா ஜெபம் இருக்கிறது, அம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொள் என்றுதான் உன்னை அனுப்பிவைத்தாள். நீயும் வந்து கேட்டாய். ஒரு சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நீங்க மாதாகிட்ட என்னம்மா பேசுவீங்க?" என்றாய். நான் என்ன சொன்னேன்? "போய்ப் பாடத்தைப் படி" என்றேன். என்னிடம் பதில் இல்லை, மகளே. நான் ஜெபமாலையைக் கடகடவென்று உருட்டி முடிக்கிறவள். மாதாவிடம் கேட்டதுண்டு, கெஞ்சியதுண்டு, பேசியதில்லை. நீ கேட்டு வந்த நாளில் நான் இல்லாத இடத்தில்தான் அவள் இருந்தாள். உனக்குப் பிள்ளை பிறந்து அது என்ன கேட்டாலும், பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். விரட்டாதே. விரட்டினால் அது பதில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமைதான் எனக்குப் பெரிய வேதனை. பொழுது சாயுமுன் அவள் குளித்து நல்ல உடை உடுத்தி, மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். சுடர்களுக்கு மேலே கைகளை மூன்று முறை சுற்றித் தன் பக்கம் அழைத்து, கண்களைக் கைகளால் மூடிக்கொண்டு மந்திரம் சொல்வாள். அது ஒரு நிமிஷம். அதற்குப் பிறகுதான் அவள் உண்மையான ஜெபம், மூடிய கை எடுக்காமல் வீட்டுப் பாஷையில் பத்து நிமிஷம், கால் மணி நேரம். அந்த நேரம் ஒரு பெண் கேட்பது மேலே போகும் என்று அவர்கள் நம்பிக்கை. அவளுக்குப் பக்கத்தில் நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். நான் சமையலறைக் கதவிலிருந்து பார்ப்பேன். அப்படி என்னதான் கேட்கிறாள் என்று உன்னிடம் விசாரித்தேன். "குழந்தை வேணும்னு கேக்குறாங்கம்மா," என்றாய்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்தது. சிரிக்காதே. குழந்தை இல்லாத ஒருத்தி வாராவாரம் கண்ணை மூடிக் குழந்தை கேட்கிறாள். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை நிற்கிறது. கடவுளுக்கு என்ன, சுலபமான வழியில் அவள் ஜெபத்தைக் கேட்டுவிட்டால்? என் பிள்ளையை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டால்? பாதி அவளாகிவிட்ட பிள்ளைதானே? எனக்கு அவள் நல்லவள் என்று தெரியும். அதனாலேயே அவள் ஜெபம் கேட்கப்படும் என்று பயந்தேன். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இனி அந்த மூன்று வெள்ளிக்கிழமை. காற்றில் விளக்கு அணைந்துவிட்டது, அம்மா அவசரத்தில் தீக்குச்சி கிழித்துவிட்டாள் என்றுதான் நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பாய். முதல் வெள்ளி அது உண்மை. மழைக்காற்று ஜன்னல் வழியே வந்து விளக்கை அணைத்தது. அவள் மாடியில் ஜெபத்தில் இருந்தாள், கூப்பிடத் தயங்கி என் தீப்பெட்டியால் ஏற்றிவிட்டேன். மீன் வெந்தது, கோழி வெந்தது, அவர்கள் சாப்பிட்டார்கள், வானம் இடிந்து விழவில்லை. பாத்திரம் கழுவும்போது எனக்குள் ஓர் இனிப்பு ஊறியது. இன்று அவள் வயிற்றில் என் நெருப்பு. இன்று அவள் கேட்டது மேலே போயிருக்காது. அடுத்த இரண்டு வெள்ளியும் காற்று இல்லை, ஜெசி. நான் அணைத்தேன். குனிந்து வாயால் ஊதி அணைத்துவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த என் தீப்பெட்டியை எடுத்து ஏற்றினேன். அவள் சாப்பாடு கெடட்டும், அவள் ஜெபம் கெடட்டும், அவள் மடி காலியாகவே இருக்கட்டும், என் பிள்ளை என்னிடம் இருக்கட்டும் என்று செய்தேன். எழுதிவிட்டேன். இதுதான் அது.

மூன்றாவது வெள்ளி நீ பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாய். தீக்குச்சி என் கையில் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாய். "அம்மா, அது மேடத்தோட நெருப்பு இல்லயே," என்றாய். வாயை மூடு என்றேன். நீ மூடிக்கொண்டாய். சாயங்காலம் அவள் மெழுகுவர்த்திகளை வைத்துவிட்டு வழக்கம்போல் உன்னைக் கூப்பிட்டாள். நீ போகவில்லை. கதவோரம் நின்று அழ ஆரம்பித்தாய். அழுதுகொண்டே இங்கிலீஷில் சொன்னாய், விளக்கை நான்தான் தெரியாமல் அணைத்துவிட்டேன், நானே தீக்குச்சி கிழித்து ஏற்றிவிட்டேன், அம்மாவுக்குத் தெரியாது என்று. அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். என் வேலை போய்விடும் என்று பயந்து சொன்னாய். நான் முன்னால் வந்து, இல்லை மேடம், நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் முன்னால் வந்தது உண்மை. வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். பொய்யை மெய்யாக்க அறைந்தேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, அடி கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டதே என்ற ஆச்சரியம்தான் இருந்தது.

அவள் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் முந்தானை முடிச்சைப் பார்த்தாள். பொழுது சாய அதிக நேரமில்லை, திரும்பச் சமைக்க வழியில்லை. மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்ணை மூடினாள். அன்று அவள் ஜெபம் எப்போதையும்விட நீண்டது. புருஷன் ஜெபாலயத்திலிருந்து வந்ததும் அவள் தானே சுட்ட ரொட்டியையும் சமைக்காத தக்காளி, வெள்ளரிக்காயையும் மேசையில் வைத்தாள். விருந்து மாதிரி உட்கார்ந்து இருவரும் மேசையைத் தட்டிப் பாடினார்கள். நான் மூன்று வாரம் கஷ்டப்பட்டுக் கெடுத்தது அவள் முகத்தில் கொஞ்சமாவது தெரியுமென்று பார்த்தேன். சோர்வை முதலில் விரட்டு என்று அவள் சொன்னது பேச்சுக்கு இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். தெரிந்தும் என் வயிறுதான் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் உன்னை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். அவள் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, நான் தொட்ட பாத்திரங்களை ஒவ்வொன்றாக அதில் அமிழ்த்தி எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "ஜெசி பொய் சொன்னா. உங்களைக் காப்பாத்தத்தான் சொன்னா. அவளை அடிக்காதீங்க, நாளைக்குக் கூட்டிட்டு வாங்க." அடுத்த பாத்திரத்தை அமிழ்த்திக்கொண்டே, "இப்படி ஒரு பிள்ளையைக் குடுன்னுதான் நான் வாராவாரம் கேக்குறேன்," என்றாள். அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் இல்லாதிருந்தால் உன்னைக் கூட்டிப் போயிருப்பேன். அவள் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து, மேடம் உன்னை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அவளிடம் போய், ஜெசிக்குப் பாடம் அதிகம், வர மாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. உன்னைப் பக்கத்து அறைக் கிரேஸ் அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அங்கே வேலை செய்தேன். ஒருநாள்கூட அந்த வீட்டில் தீக்குச்சி தொடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் உனக்கென்று ஒரு சின்னப் பின்னல் ரொட்டி சுட்டுக் கொடுத்தனுப்புவாள். நீ பின்னலைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று வழியிலேயே துண்டு போட்டு, பேக்கரியில் வாங்கியது என்று கொடுத்தேன். வேறு எந்த ரொட்டியிலும் இந்த ருசி இல்லையே என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவாய். அவர்கள் ஊரை விட்டுப் போன நாளில் எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அந்த ஜெயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை. நீ அன்றிலிருந்து நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்கிற பிள்ளை, எதையும் என்னிடம் வந்து சொல்லாத பிள்ளை. உன் மாப்பிள்ளை ராபர்ட்டைப் பிடித்திருக்கிறது என்பதைக்கூட முதலில் அப்பாவிடம்தான் சொன்னாய்.

போன புதன் இரவுச் சாப்பாட்டின்போது நான் கேட்ட ஒரே கேள்வி, மேடத்துக்குப் பிள்ளைகள் எத்தனை என்பது. "இல்லம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனாய். சில வருஷத்துக்கு முன்பே நம் கோயில் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். கடவுள் ஒரு தீக்குச்சிக்குப் பயந்து ஜெபத்தைத் திருப்பி அனுப்புகிறவர் இல்லை, அந்தப் பயத்தை விடு என்றார். ஆனால் அந்த அம்மாவைப் பார்த்தால் உன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றார். அவர்கள்தான் ஊரிலேயே இல்லையே என்று தப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது தேடி வருகிறார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், என் வினை ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறது.

இன்னொரு களவும் இருக்கிறது. கண் விழித்ததும், கால் தரையில் படுமுன், உயிரைத் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி என்று நானும் சொல்கிறேன், பதின்மூன்று வருஷமாக. தமிழில், மாதா படத்தைப் பார்த்து. அவளிடமிருந்து எடுத்ததுதான், கேட்காமல் எடுத்தது. முதலில் பொறாமையில் ஆரம்பித்தேன், அவளுக்கு மட்டும்தான் வருமா என்று. பிறகு பழகிவிட்டது. இப்போது குழம்பு கொதிக்கும்போது மாதாவிடம் பேசுகிறேன். கறிவேப்பிலை கிடைக்கவில்லை என்பதிலிருந்து உன் முகம் ஏன் வாடியிருக்கிறது என்பது வரை. நீ அன்று துணி மடிக்கும்போது கேட்டாயே, அதற்குப் பதில் இப்போது இருக்கிறது. கேட்டால் சொல்வேன். உன் புது வீட்டில் நீயும் அடுப்பு முன்னால் நின்று உன் பாஷையில் பேசு. தமிழோ இங்கிலீஷோ, கலந்து பேசினாலும் கடவுளுக்குப் புரியும், சிங்கப்பூரில் எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் மாமியார் உன்மேல் கொஞ்சம் பொறாமைப்படுவார், பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். உனக்குப் பொறாமை வந்தால் மட்டும் அதை வாயால் சொல்லிவிடு. நான் அன்றைக்கு மேடத்திடம், என் பிள்ளையை எடுத்துக்கொண்டுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அவள் சிரித்திருப்பாள், அல்லது அழுதிருப்பாள். தீப்பெட்டி என் முந்தானையிலேயே கிடந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை மேடம் வருவார்கள். நம் கல்யாணச் சாப்பாட்டை அவர்கள் சாப்பிட முடியாது. வெறும் வயிற்றோடு அவர்களை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. நேற்றுத் தேக்காவுக்குப் போய்ப் புதுப் பானை, புதுக் கத்தி, புதுக் கரண்டி, ஒற்றை அடுப்பு ஒன்று எல்லாம் வாங்கி வந்து பின்பக்கம் வைத்திருக்கிறேன். அட்டை பிரிக்கவில்லை, அவர்கள் வந்து பார்த்துச் சரியென்று சொன்னால் பிரிப்பேன். சோறும் பருப்பும்தான், நாலு காய் போட்டு. பானைக்குப் பக்கத்தில் ஒரு புதுத் தீப்பெட்டி இருக்கும். அதை நான் தொட மாட்டேன். அடுப்பை அவர்கள்தான் பற்றவைக்க வேண்டும், அந்த நெருப்பில் நான் சமைத்துப் போடுவேன்.

அவர்கள் தீக்குச்சி கிழிப்பதற்கு முன்னால் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். எந்த நெருப்பு என்று தெரிந்துகொண்டுதான் அவர்கள் பற்றவைக்க வேண்டும். என் மலாயிலும் என் உடைந்த இங்கிலீஷிலும் சொல்வேன், திக்கினாலும் நீ எடுத்துக் கொடுக்காதே. என்னை மன்னித்துவிட்டாயா என்று உன்னிடம் இப்போது கேட்கவில்லை, கல்யாண வாரத்தில் அந்தப் பாரத்தையும் உன் தலையில் ஏற்ற மாட்டேன். மேடம் உன்னைக் கட்டிப்பிடிக்கட்டும், உன் தலையில் கை வைத்து அவர்கள் பாஷையில் ஆசீர்வாதம் சொல்லட்டும். நான் கதவோரம் நின்று பார்ப்பேன். எரியும் எனக்கு, அது போகவில்லை, போகுமென்றும் தோன்றவில்லை. ஆனால் நான் அந்த மூன்று வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் மட்டும், கண்ணு, நீ அவர்கள் பக்கத்தில் நிற்காதே. என் பக்கத்தில் வந்து நில்.

அம்மா